நாற்பத்தேழாம் நாளின் பக்கம்

ஒருவன் கம்பி நீட்டிவிட்டான் என்றால் ஓடிப்போய்விட்டான் என்று அர்த்தம். இவருக்கோ அதற்குத்தான் இருபத்தேழு வருஷமாகச் சம்பளம். அனல்மின் நிலையத்தின் கரி யார்டில், மூன்று ஆள் உயரத்துக்குக் கொட்டிவைத்திருக்கும் நிலக்கரிக் குவியலுக்குள் நீளமான இரும்புக் கம்பியைச் செருகுவார். கால் மணி நேரம் விட்டு உருவுவார். உருவிய கம்பியை நுனியிலிருந்து அடிவரை உள்ளங்கையால் தடவி, குவியலுக்குள் எந்த ஆழத்தில் சூடு ஏறியிருக்கிறது என்று சொல்வார். நிலக்கரியின் குணம் அப்படி. யாரும் தீ வைக்க வேண்டாம். சும்மா கிடந்தபடியே உள்ளுக்குள் புழுங்கிப் புழுங்கி ஒருநாள் தானே பற்றிக்கொள்ளும். பற்றும் முன் கண்டுபிடிப்பது இவர் வேலை. யார்டு முழுக்க இவருக்குக் கம்பிக்காரர் என்றுதான் பெயர். கோபம் வந்தால் வீட்டில் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

நிலையத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு எட்டு வருஷமாக இருந்தது. புலி வருது, புலி வருது என்று சொல்லிச் சொல்லி அந்தப் புலிக்கே அலுத்துப்போயிருக்கும். கடைசியில் ஒரு தாளில் முத்திரை குத்திக்கொண்டு வந்தே விட்டது. முதல் யூனிட்டை அணைத்த அன்று மதியம், இரண்டாவது ஷிஃப்டுக்கு வந்தவர்கள் வாசலிலேயே நின்று புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார்கள். அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. "அடுப்படியில வேலை முடிஞ்சு பொம்பளைங்க எழுந்து போன மாதிரி இருக்கு" என்றார் ஒருவர்.

நோட்டீஸ் பலகையில் இன்னொரு தாளும் ஒட்டியிருந்தார்கள். நிலையத்தின் சாம்பலைக் கொட்டி நிரப்பிய பழைய சாம்பல் ஏரியின் மேல் புதிதாக சோலார் வயல் அமைத்திருக்கிறார்கள்; விருப்பமுள்ள பழைய தொழிலாளர்கள் மனுப் போடலாம். அறுபத்திரண்டு பேர் போட்டார்கள். ஒன்பது பேரை எடுத்தார்கள். எடுத்தார்கள் என்பதும் முழு உண்மை இல்லை. தொண்ணூறு நாள் சோதனைக் காலம். முடிவில் அங்கே இருக்கும் இன்ஜினியர் ஒரு தாளில் "தகுதியானவர்" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம், குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் வீடும் நிலைக்கும். போடாவிட்டால் ஒரு மாதத்தில் சாவியைக் கொடுத்துவிட்டு, சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஐம்பத்தொரு வயதில் எங்கே கிளம்புவது என்று அந்தத் தாளில் போட்டிருக்கவில்லை.

மனு வாங்கிய கிளார்க்கோடு நடந்த பேச்சு இன்றுவரை அவருக்குச் செருப்புக்குள் கிடக்கும் கல்.

"சம்பந்தப்பட்ட வேலையில அனுபவம்?"

"இருபத்தேழு வருஷம்."

"சோலார்ல கேக்கறேன்."

"அந்த வயல் வந்தே மூணு வருஷம் ஆகலியேய்யா. அதுல எனக்கு எப்படி இருபத்தேழு இருக்கும்?"

"அப்ப பூஜ்யம்" என்று சொல்லிக்கொண்டே கிளார்க் தட்டச்சு செய்தான். ஒரே ஒரு விசை. இருபத்தேழு வருஷத்தை அழிக்க ஒரு விரல் போதுமாக இருந்தது.

மனைவியின் அண்ணனும் மனுப் போட்டிருந்தார். யார்டில் புல்டோசர் ஓட்டியவர். பதினோரு வருஷத்துக்கு முன் நடந்த விபத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய், இப்போது பிளாஸ்டிக் கால். அதன் பிறகு ஸ்டோரில் உட்கார்ந்து கையுறையும் முகமூடியும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மருத்துவச் சோதனையில் அவரைக் கழித்துவிட்டார்கள்.

"சூரியனுக்கு ரெண்டு காலும் வேணுமாம் மாப்ள" என்றார் மச்சான், எதிர் பிளாக்கிலிருந்து இறங்கி வந்து. "கரிக்கு அந்த கௌரவமெல்லாம் கிடையாது. ஒண்ணு போதும்னுச்சு."

சிரிப்பதா வேண்டாமா என்று கம்பிக்காரருக்குத் தெரியவில்லை. அந்தக் கால் விஷயத்தில் பதினோரு வருஷமாகவே அவருக்கு அது தெரிந்ததில்லை.

*

சோலார் வயலில் முதலில் அவரைப் படுத்தியது சத்தமின்மை. யார்டில் பெல்ட் ஓடும், கரியை நொறுக்கும் மிஷின் இரையும், புல்டோசர் பின்னால் வரும்போது கத்தும்; ஒருவர் பெயரை ஒருவர் தொண்டை கிழியக் கூப்பிட வேண்டும். இங்கே நீலக் கண்ணாடிகள் வரிசை வரிசையாக வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. அவை வேலை செய்கின்றனவா தூங்குகின்றனவா என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆபீஸ் அறையில் ஒரு திரையில் எண்கள் ஓடும். அதைப் பார்த்தால்தான் தெரியும். வரிசைகளுக்கு நடுவே நடப்பது, புல் பிடுங்குவது, தளர்ந்த கிளாம்பை முடுக்குவது, விடியும் முன் பேனல்களைக் கழுவுவது. மதியத்துக்குள் முடிந்துவிடும். மீதிப் பொழுதில் கையை எங்கே வைப்பதென்றே தெரியாது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவ இடம் தேடுபவர் மாதிரி இரண்டு கையையும் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அதனால்தான் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்தார். யார்டில் மிச்சமிருந்த பழைய ரிஜிஸ்டர். பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்தது. அதில் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தது. யாரும் கேட்கவில்லை, இவராகவே எழுத ஆரம்பித்தார். நாள் ஒன்று. காற்று எந்தப் பக்கம், எந்த வரிசையில் தூசி, எது தளர்ந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நேரம். கடைசியில் கையெழுத்து.

வயலுக்குப் பொறுப்பான இன்ஜினியர் முப்பது வயதுப் பெண். எல்லாரும் மேடம் என்பார்கள். முதல் வாரம் ரிஜிஸ்டரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"என்ன அண்ணே, டைரியா?"

"இல்ல மேடம். பார்த்ததை எழுதி வைக்கறேன். பழக்கம்."

மாதக் கடைசியில் அவளே அதைக் கேட்டு வாங்கினாள். எந்த வரிசையில் சாம்பல் அதிகமாகப் படிகிறது என்று திரையில் தெரியாதது அதில் தெரிந்தது. நகல் எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். நல்ல பழக்கம், ஒவ்வொரு மாதமும் அனுப்பவும் என்று பதில் வந்தது. கம்பிக்காரர் அன்று வீட்டுக்குப் போய் அந்த வாக்கியத்தை மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார். "சரி, ஒரு தடவை சொன்னா போதும், காது நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள். ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது. கையெழுத்து கிடைத்துவிடும் என்று இருவரும் அன்றுதான் முதல் முறையாக நம்பினார்கள்.

*

நாற்பத்தேழாம் நாள் காற்று மேற்கிலிருந்து வந்தது. வயலைப் போட்டிருப்பதே பழைய சாம்பலின் மேல்தான். மேலே ஒரு சாண் மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். காற்று அந்த மண்ணைப் பிய்த்துக்கொண்டு, அடியிலிருந்த சாம்பலைக் கிளப்பி, பதினெட்டாம் வரிசை முழுக்க அப்பிவிட்டது. விடியற்காலையில் கழுவிவிட்ட பேனல்கள் பதினோரு மணிக்கு மாவு மில் மாதிரி நின்றன.

தூசி என்றால் தண்ணீர். யார்டில் இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. மூச்சு விடுவது மாதிரி வந்துவிடும். குவியலுக்கு உள்ளே சூடு என்றால் தண்ணீர் கூடாது, தோண்டி எடுத்துப் பரப்ப வேண்டும். மேலே தூசி என்றால் உடனே தண்ணீர், அதுவும் வெயில் உச்சியில் இருக்கும்போது நிறைய. கம்பிக்காரர் நிலத்தடித் தொட்டியின் பம்பைப் போட்டு, ஹோஸை இழுத்துக்கொண்டு ஓடினார். ஓடினார் என்பதைக் கவனிக்க வேண்டும். நாற்பத்தேழு நாளில் அன்றுதான் அவர் கால்கள் ஓடின. கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரு வேலை.

கழுவுவதை ஏழு மணிக்குள் முடிக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஒரே நாளில் அறுபது படத்தைச் சுவரில் ஓட்டிக் காட்டிய பயிற்சி அது. ஏன் ஏழு மணி என்று சொல்லவில்லை. யார்டில் நேரம் வைத்துச் சொல்லும் விதியெல்லாம் ஆபீசர்களின் சௌகரியத்துக்காக இருக்கும். காரணம் வைத்துச் சொல்லும் விதிதான் உயிருக்காக இருக்கும். இதையும் அந்த முதல் வகையில் சேர்த்து வைத்திருந்தார்.

குளிர்ந்த தண்ணீர் முதல் பேனலில் அடித்ததும் 'சட்' என்று ஒரு சத்தம் வந்தது. அடுத்ததிலும் வந்தது. வெயிலில் காய்ந்த கரியின் மேல் தண்ணீர் பட்டால் இப்படித்தான் சடசடவென்று வெடிக்கும். நல்ல சத்தம் அது, தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறது என்று யார்டில் கணக்குப் பார்ப்பார்கள். கம்பிக்காரருக்கு மனசு குளிர்ந்தது. அப்படியே நடந்துகொண்டு அடித்தார். சட். சட். பன்னிரண்டாவது பேனலுக்குத் திரும்பும்போதுதான், சாம்பல் வடிந்துபோன முதல் பேனல் கண்ணில் பட்டது. கண்ணாடி முழுக்க சிலந்தி வலை.

கொதித்துக் கிடந்த கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர். அடுப்பிலிருந்து இறக்கிய கண்ணாடிப் பாத்திரத்தைக் குழாயடியில் வைத்தால் என்ன ஆகும் என்று அவர் மனைவியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

பதினோரு பேனல். பம்பை நிறுத்தினார். சுற்றிலும் யாரும் இல்லை. அவர் அங்கேயே தரையில் குந்தினார், ரிஜிஸ்டரை மடியில் வைத்தார், பேனாவை உதறினார்.

"நேரம் 11.20. வரிசை 18. தூசி அதிகம். வெயிலில் தண்ணீர் அடித்தேன். பேனல் 1 முதல் 11 வரை உடைந்தன. தவறு என்னுடையது." கையெழுத்து.

எழுதி முடித்த பிறகுதான் எழுந்து ஹோஸைச் சுருட்டினார்.

*

மேடம் பேனல்களைப் பார்த்தாள். தலையில் கை வைத்தாள். ஆனால் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குப் பரவாயில்லை. யார்டில் கத்துவார்கள், அதோடு முடிந்துவிடும்.

"ஏன் அண்ணே? ஏழு மணிக்கு முன்னாடின்னு சொல்லியிருந்தேனே."

"ஏன்னு சொல்லல மேடம்."

"ஏன்னு நீங்க கேக்கல."

அவள் வரிசையின் கடைசிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தாள். "சரி விடுங்க. கண்ணாடி சில சமயம் தானாவே வெடிக்கறது உண்டு. பேனல் செஞ்ச கம்பெனிக் குறைன்னு எழுதி மாத்தி வாங்கிடறேன். யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க" என்றாள்.

"நான் எழுதிட்டேன் மேடம்."

"என்னத்தை?"

ரிஜிஸ்டரைக் காட்டினார். அவள் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"உங்களை யாரு எழுதச் சொன்னா?" இப்போதுதான் குரல் ஏறியது. "யாருமே எழுதச் சொல்லாத நோட்டுல, யாருமே கேக்காத கேள்விக்கு, பேனாவால பதில் எழுதி, கையெழுத்து வேற போட்டு வச்சிருக்கீங்க! இதோட நகல்தான் தலைமை ஆபீசுக்குப் போகுது, தெரியும்ல?"

தெரியும். அவர்தானே மனைவியிடம் இரண்டு தடவை சொன்னவர்.

அவள் கம்பெனிக் குறை என்றே கடிதம் அனுப்பினாள். மூன்று வாரத்தில் புதுப் பேனல்களும் வந்தன. அந்த மாத நகலை, மிஷின் ரிப்பேர் என்று சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டாள். எண்பத்திரண்டாம் நாள், அதே அளவில் ஒரு புது ரிஜிஸ்டரை வாங்கிவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"பழசு யார்டு நோட்டு, பாதி கிழிஞ்சிருக்கு, இனிமே தள்ளிப்போட முடியாது. எல்லாத்தையும் இதுல எழுதிக் குடுங்க. அந்த ஒரு நாள் நீங்க லீவுன்னு இருக்கட்டும். தொண்ணூறாம் நாள் உங்க தாள்ல கையெழுத்துப் போடறேன்." பிறகு, குரலைத் தாழ்த்தி, "எனக்கும் இது கான்ட்ராக்ட் வேலைதான் அண்ணே. அந்தக் கடிதத்துல என் பேர் இருக்கு."

*

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் மனைவி. அவள் ஜன்னல் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த விளிம்பில் கரித்தூசி படியும்; காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை துடைப்பாள். யூனிட்டுகளை அணைத்த பிறகு தூசி இல்லை. துணி வெள்ளையாகவே வருகிறது. இருந்தாலும் துடைக்கிறாள். "நீங்க எழுதினது என்ன கல்வெட்டா? ஒரு நாள். அந்த ஒரு நாள் காய்ச்சலா இருந்துதுன்னு வச்சுக்குங்க."

"காய்ச்சல் இல்லியே."

"இல்லேன்னா வரவழைச்சுக்குங்க. எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக முடியாது. இந்தக் கதவை எந்தப் பக்கம் தூக்கிச் சாத்தணும்னு கத்துக்கவே எனக்கு அஞ்சு வருஷம் ஆச்சு."

மச்சான் வந்து உட்கார்ந்தார். காலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். டீயை உறிஞ்சிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார்.

"கிழிச்சுப் போடு மாப்ள."

கம்பிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். உலகத்தில் யார் வேண்டுமானாலும் இதைச் சொல்லலாம். இந்த மனிதர் சொல்வார் என்று அவர் நினைக்கவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன், ஷிஃப்ட் முடியும் நேரத்தில், மூன்றாம் குவியலின் ஓரத்தில் செருகிய கம்பி கையைச் சுட்டது. ரிஜிஸ்டர் இருந்த அறைக்கு இருநூறு அடி நடக்க வேண்டும். வாசலில் கம்பெனி பஸ் புறப்படத் தயாராக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஷிஃப்ட்காரன் எப்படியும் கம்பியைப் போட்டுப் பார்ப்பான் என்று இவர் பஸ் ஏறிவிட்டார். ரிஜிஸ்டரில் ஒன்றும் இல்லை என்பதால் அடுத்த ஷிஃப்ட்காரன் பார்க்கவில்லை. குவியலுக்குள் எரிந்து எரிந்து குகை மாதிரி ஆகியிருந்த இடத்தின் மேல் மச்சான் புல்டோசரை ஏற்றினார். மேல்தளம் உள்வாங்கியது. மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில், யாரும் கேட்காமலே, எல்லார் முன்னாலும் கம்பிக்காரர் அதைச் சொன்னார். அன்றுமுதல் எழுதாமல் எங்கிருந்தும் அவர் கிளம்பியதில்லை.

"நீங்களா இதைச் சொல்றீங்க?" என்றார்.

"நான்தான் சொல்றேன். என் காலுக்காக நீ எழுதறதா நினைக்காதே. அது போயிடுச்சு. உன் அழகான கையெழுத்தைப் பார்த்துட்டுத் திரும்ப வந்து ஒட்டிக்கப் போறதில்ல." மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார். "அங்க ஒரு கால் போச்சு. இங்க என்ன போச்சு? பதினோரு கண்ணாடி. புதுசும் வந்துடுச்சு. யாருக்கு நஷ்டம்? அறுபத்திரண்டு பேர்ல ஒன்பது பேரு. அதுல ஒருத்தனா இருந்துட்டு, நோட்டுப் புத்தகத்தைக் கட்டிக்கிட்டு அழறே. நான்லாம் உள்ள வர முடியாம வாசல்ல நிக்கறேன், நீ உள்ள இருந்துக்கிட்டுக் கதவை உதைக்கறே."

"நல்லாச் சொல்லுண்ணே" என்றாள் மனைவி.

"ஆமா, சொல்லுங்க! ஆளாளுக்குச் சொல்லுங்க!" கம்பிக்காரர் எழுந்துவிட்டார். "யார்டுல எழுதாதது தப்பு. இங்க எழுதினது தப்பு. இருபத்தேழு வருஷம் தெரிஞ்சதெல்லாம் பூஜ்யம். தண்ணி அடிச்சா உடையுது, பேனா எடுத்தா உடையுது. நான் என்னதான் பண்ணட்டும்? கையைக் கட்டிக்கிட்டுப் பொம்மை மாதிரி நிக்கட்டுமா? அதுக்குத்தான் சம்பளமா?"

"அதுக்குத்தான்னா நின்னுட்டுப் போயேன்" என்றார் மச்சான். "நிக்கறதுக்கும் ரெண்டு கால் வேணும், தெரியும்ல?"

பிறகு மச்சானே காலை எடுத்து மாட்டிக்கொண்டு, "டீ நல்லா இருந்துச்சு தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் இரண்டு ரிஜிஸ்டர்களையும் விரித்தார்கள். மனைவி பழையதை வாசிக்க, இவர் புதியதில் எழுதுவது என்று ஏற்பாடு. அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று அவள் இவ்வளவு விவரமாகக் கேட்டது அன்றுதான்.

"நாள் ஒன்பது. காற்று இல்லை. வரிசை ஆறில் கிளாம்ப் தளர்வு, சரிசெய்தேன். வரிசை ஏழில் பறவை எச்சம்." வாசிப்பதை நிறுத்தினாள். "இதையெல்லாமா எழுதுவாங்க?"

"எச்சம் விழுந்த இடத்துல கரண்டு வராது."

"நம்ம வீட்டு மாடியில காயப்போடற துணிக்கும் அப்படி ஒரு நோட்டுப் போட்டுடலாம்."

வேகமாகப் போனது. இருபது, முப்பது, நாற்பது. அவர் கையெழுத்து முதல் நாளைவிட நன்றாக இருந்தது. நாற்பத்தாறை எழுதி முடித்துப் பேனாவைத் தூக்கினார். மனைவி தாளைத் திருப்பினாள்.

"நாள் நாற்பத்தெட்டு" என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. புதுப் பக்கத்தில் நாற்பத்தேழு என்று எழுதி, பக்கத்தில் "விடுப்பு" என்று எழுதினார். அடுத்த பக்கத்தில் நாற்பத்தெட்டை எழுத ஆரம்பித்தார். காற்று தெற்கிலிருந்து. வரிசை பதினெட்டில் வேலை இல்லை. ஏன் என்று அதில் எழுதியிருக்கவில்லை. காரணம் பழைய ரிஜிஸ்டரில், மனைவி தாண்டிவிட்ட பக்கத்தில் இருந்தது.

பேனா நின்றது. முந்தைய பக்கத்தில் எழுதியதைப் பார்த்தார். விடுப்பு. ஒரே சொல். மீதிப் பக்கம் வெள்ளை. எவ்வளவு சுத்தமாக இருந்தது! இதைப் பார்க்கும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். விபத்து நடந்த அன்று யார்டிலும் அந்தப் பக்கம் இப்படித்தான் சுத்தமாக இருந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி அந்த வெள்ளைப் பக்கத்தை விரலால் தட்டித் தட்டிக் காட்டியது ஞாபகத்துக்கு வந்தது.

வயலுக்கு நாளை இன்னொரு யார்டுக்காரன் வருவான். தூசியைப் பார்ப்பான். தூசி என்றால் தண்ணீர் என்று அவன் கால்களும் ஓடும்.

"வேண்டாங்க" என்றாள் மனைவி. அவர் இன்னும் ஒன்றுமே செய்யவில்லை, அவளுக்குத் தெரிந்துவிட்டது. "உங்க கால்ல விழறேன், வேண்டாம்."

அவர் "விடுப்பு" என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்தார், அடித்தது தெரியும்படி. கீழே பழைய பக்கத்தில் இருந்ததை அப்படியே எழுதினார். அதோடு நிற்காமல், "கழுவும் நேரம் காலை ஏழுக்குள். காரணம்: சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உடையும். கரியில் வரும் சட் சத்தம் நல்லது. இங்கே வந்தால் கெட்டது. உடனே நிறுத்தவும்" என்று சேர்த்தார்.

மனைவி எழுந்து உள்ளே போனாள். மிச்ச நாற்பது நாளை அவரே பார்த்து, அவரே எழுதினார். அவருக்கு நிம்மதி வரவில்லை. உண்மையை எழுதினால் நெஞ்சு லேசாகும் என்று சொல்வார்கள். அதெல்லாம் வேறு எதுவும் பணயம் வைக்க இல்லாதவர்கள் சொன்னதாக இருக்கும்.

*

மேடம் புது ரிஜிஸ்டரை நேராக அந்தப் பக்கத்துக்குத் திருப்பினாள். அடித்த கோட்டைப் பார்த்தாள். நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"உங்க மனசாட்சிக்கு என் தலையா அண்ணே?"

அவர் நின்றார். இதையும் அவர் யோசித்திருந்தார். யோசித்து விடை கிடைக்காமல் வந்திருந்தார்.

"கடிதத்தை மாத்தி எழுதலாம் மேடம். அப்புறம் பார்த்ததுல தெரிஞ்சுதுன்னு."

"எழுதலாம். எழுதினா, ஏன் முதல்லயே தெரியலன்னு கேப்பாங்க. ஹோஸுக்கு ஏன் பூட்டு இல்லன்னு கேப்பாங்க. பயிற்சி யாரு குடுத்தான்னு கேப்பாங்க." அவள் அந்தப் பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீங்க எனக்கு நல்லது பண்ணிட்டதா நினைக்காதீங்க."

"நினைக்கல மேடம். எனக்கே பண்ணிக்கல."

அவள் மாற்றி எழுதினாள். என்ன எழுதினாள், மேலிருந்து என்ன வந்தது என்று அவரிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் அவரிடம் பேசவே இல்லை. தொண்ணூறாம் நாள் ஒன்பது பேருக்கும் தாள் கொடுத்தார்கள். எட்டில் கையெழுத்து இருந்தது. கம்பிக்காரரின் தாளில் அந்த இடம் காலியாக இருந்தது, அதற்குக் கீழே, "சோதனைக் காலம் மேலும் தொண்ணூறு நாள் நீட்டிக்கப்படுகிறது. தண்ணீர் சம்பந்தமான வேலை தரக்கூடாது" என்று அச்சடித்து ஒட்டியிருந்தது.

உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. திட்டலாம் என்றால் யாரைத் திட்டுவது? நன்றி சொல்லலாம் என்றால் எதற்கு?

"வீடு?" என்று கேட்டாள் மனைவி, வாசலிலேயே.

"மூணு மாசத்துக்கு இருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் மறுபடியும் கேக்கணும்."

அவள் கதவைத் தூக்கிச் சாத்தினாள். எதிர் பிளாக் மாடியிலிருந்து மச்சானின் குரல் வந்தது. "என்ன மாப்ள, பாஸா ஃபெயிலா?"

"ரெண்டும் இல்ல."

"அது எப்படி ரெண்டும் இல்லாம இருக்கும்?"

"எனக்கு மட்டும் இருக்கும்!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். யார்டில் கத்துவது மாதிரி, தொண்டை கிழிய. நாலு வீட்டு ஜன்னல்கள் திறந்தன. ரொம்ப நாளைக்குப் பிறகு கத்தியதில் நெஞ்சு கொஞ்சம் வலித்தது.

மறுநாள் ஹோஸ் பெட்டியில் புதுப் பூட்டு தொங்கியது. பூட்டுக்கு மேலே அச்சடித்த ஒரு தாள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உடையும், சட் சத்தம் கேட்டால் உடனே நிறுத்தவும். அவர் எழுதிய அதே சொற்கள். கரியைப் பற்றிய வரியை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள். யார்டுக்காரன் புரிந்துகொள்ள அந்த வரிதான் வேண்டும் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும். சொல்ல ஆள் தேடித் திரும்பினார். மேடம் ஆபீஸ் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னைக்கு ஒண்ணாம் நாள்னு போட்டு ஆரம்பிங்க அண்ணே. புதுக் கணக்கு."

"சரி மேடம்" என்றார்.

பதினெட்டாம் வரிசையின் நிழலில் குந்தி ரிஜிஸ்டரைத் திறந்தார். காற்று வடக்கிலிருந்து. தூசி இல்லை. ஹோஸ் பெட்டியில் ஒட்டிய தாளில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது, சேர்க்க வேண்டும். நேரம் போட்டார். கையெழுத்துப் போட்டார். நாள் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா கொஞ்சம் தயங்கியது. பிறகு அழுத்தி, தாளில் பள்ளம் விழ, தொண்ணூற்றொன்று என்று எழுதினார்.